பொருள்: நிரப்புபடிவமா, நிரப்பிடமா?

குழுவினருக்கு வணக்கம்.

திரையில் நிரப்பும் படிவத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு உட்கார்ந்து படித்து முடித்தேன். படிவத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். பெயரில்லாமல் தவிப்பது அதற்குள் இருக்கும் காலி இடம்தான். அதற்கு வருவதற்கு முன் ஒரு சின்ன மறுமொழி.

> திரையிலேயே நிரப்பி அனுப்புவதை 'நிரப்பக்கூடிய படிவம்' என்று நேராகவே சொல்லிவிடலாமே?

சொல்லலாம். ஆனால் படிவம் என்றாலே நிரப்புவதற்குத்தானே ஐயா! காகிதத்தில் நிரப்புவதா, திரையில் நிரப்புவதா என்பதுதான் வேறுபாடு. 'கூடிய' அதைச் சொல்லவில்லை. குறுஞ்சொல் கட்டாயம் வேண்டுமென்றால் வினைத்தொகை போதும். குடிக்கத்தக்க நீரைக் குடிநீர் என்கிறோமே, அதுபோல நிரப்புபடிவம். நடுவில் ப் வரக்கூடாது. மடிக்கணினியில் க் இருப்பதால்தான் அது மடியில் வைக்கும் கணினி. க் போய்விட்டால் மடிக்கிற கணினி. இங்கே ப் நுழைந்தால் நிரப்பு பெயர்ச்சொல் ஆகிவிடும். குறளில், நல்குரவு அதிகாரத்தில் (1048), நிரப்பு என்றால் வறுமை. நிரப்புப்படிவம் என்று எழுதினால் கட்டணச் சலுகை கேட்கும் விண்ணப்பம் என்று புலவர் யாராவது பொருள் சொல்லக்கூடும்.

இனி என் கதை. கும்பகோணத்தில் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடை வைத்திருக்கிறேன் என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். ஒரு கல்லூரி விடுதிக்குச் சேர்க்கைப் படிவம் செய்து தரச் சொன்னார்கள். பழைய வேர்ட் கோப்பும் கையில் கொடுத்தார்கள். 'பெயர் :' என்று போட்டு, வரி முடியும்வரை முற்றுப்புள்ளியாக அடித்து வைத்திருந்தார்கள். அச்செடுத்துப் பேனாவால் எழுத அது போதும். திரையில் எழுதினால் ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளிகள் வலப்பக்கம் நகர்ந்து, அடுத்த வரிக்கு வழிந்து, கடைசியில் 'பெற்றோர் கையொப்பம்' மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு அட்டவணை போட்டேன். இடப்பக்கக் கட்டத்தில் தலைப்பு, வலப்பக்கக் கட்டம் காலி. கோடுகள் அனைத்தையும் நீக்கி, காலிக் கட்டத்துக்கு மட்டும் அடிக்கோடு விட்டேன். பார்க்கக் கோடு போட்ட பழைய படிவம் போலவே இருக்கும். எழுதினால் பக்கத்தில் இருப்பது நகராது. உள்ளே எழுதுவதற்கேற்ப நிரலின் (மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசையின்) அகலம் தானாக மாறும் அமைப்பையும் நிறுத்தி வைத்தேன். மேலே ஒரு குறிப்பு: 'ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பவும். அடுத்த கட்டத்துக்குச் செல்ல டேப் விசையை அழுத்தவும்.'

திரும்பி வந்த படிவங்களைத் திறந்தால் பலவற்றில் 'தந்தை பெயர்' என்ற தலைப்பையே காணோம்! அந்த இடத்தில் தந்தையின் பெயர் இருந்தது. வேர்டு அட்டவணையில் டேப் அடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போவது மட்டுமல்ல, அங்கே இருப்பதை முழுக்கத் தெரிவும் செய்துகொள்ளும். அடுத்து எந்த எழுத்தைத் தட்டினாலும் பழையது போய்விடும். பிள்ளைகள் தன் பெயரை எழுதி, டேப் அடித்து, தந்தை பெயரைத் தலைப்பின் மேலேயே எழுதிவிட்டார்கள். கடைசிக் கட்டத்தில் டேப் அடித்தால் புதிதாக ஒரு நிரை (கிடையாக வரும் கட்ட வரிசை) முளைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பையன் அனுப்பியதில் அப்படி ஐந்து நிரைகள் முளைத்திருந்தன. அவர்கள்மேல் என்ன தப்பு? நான் எழுதியதைத்தான் செய்தார்கள். தலைப்பு இருப்பதும் கட்டம், எழுத வேண்டியதும் கட்டம் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டது நான்.

இதற்கு மருந்து வேர்ட் 2007இலேயே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதைக் கன்டென்ட் கன்ட்ரோல் என்கிறார்கள். காலிக் கட்டத்துக்குள் அதை ஒன்று வைத்து, படிவம் நிரப்ப மட்டும் அனுமதி என்று ஆவணத்தைப் பூட்டிவிட்டால் தலைப்பில் யாரும் கைவைக்க முடியாது. டேப் அடித்தால் காலி இடத்திலிருந்து காலி இடத்துக்கே தாவும். அந்தச் சாமானுக்குத்தான் நமக்குப் பெயர் இல்லை. 'உள்ளடக்கக் கட்டுப்பாடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் தணிக்கைக் குழு நினைவுதான் வந்தது, மன்னிக்கவும்.

> 'புலம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

அக்கா, ஃபீல்டு என்பதற்குப் புலம் நல்ல சொல். தரவுத்தளத்தில் அது ஊன்றிவிட்டது. ஆனால் அதே வேர்டில் பக்க எண், தேதி, அஞ்சல் இணைப்பில் (மெயில் மெர்ஜ்) தானாக வந்து விழும் பெயர், முகவரி எல்லாமே புலம்தான். அவை பொறி நிரப்புபவை. நான் கேட்பது ஆள் நிரப்புவதற்கு. ஒரே மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், என் கட்டம் பட்ட பாடு புலத்துக்கும் வரும்.

'உள்ளீட்டுப் பெட்டி'யும் எனக்கு ஒட்டவில்லை. பெட்டி என்றால் நான்கு பக்கமும் கோடு வேண்டும். இது ஒரு வாக்கியத்தின் நடுவில்கூட உட்காரும்.

என் முன்மொழிவு: நிரப்பிடம். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று கேள்வித்தாளில் பார்க்காமல் பள்ளியைத் தாண்டிய தமிழர் உண்டா? இடமும் நிரப்புதலும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கோட்டை எடுத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

> 'நண்பரிடம்' என்பதுபோல ஏழாம் வேற்றுமையாகக் காதில் விழுகிறதே?

இருப்பிடம், பிறப்பிடம், புகலிடம் எதுவும் அப்படி விழவில்லையே. நிரப்பிடங்கள் என்று பன்மையில் வந்தால் ஐயமே எழாது. நான் மேலே சொன்ன குறளை எனக்கே திருப்பி, 'அப்போது இது வறுமையின் இடம் ஆகாதா?' என்று கேட்க ஒருவர் இருப்பார். என் கடைக்குப் படிவம் நிரப்ப வருகிறவர்களில் பலருக்கு அதுவும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்து நண்பர், கட்டத்துக்குப் பதில் கலம் வேண்டும் என்கிறார். கலைச்சொல் பட்டியலில் கலம் இருக்கட்டும். படிவத்தின் மேலே போடும் குறிப்பில் கட்டம்தான் எடுபடும். ராசிக் கட்டம் முதல் குறுக்கெழுத்துக் கட்டம் வரை பார்த்துப் பழகிய கண்கள். நிரை, நிரல் இரண்டிலும் எனக்கு மாறுபாடில்லை. நிரல் என்றதும் கணிப்பொறிக்காரர்கள் மென்பொருள் நிரலை நினைப்பார்கள் என்பது வேறு வழக்கு. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

நிரப்பிடத்துக்குள் சாம்பல் நிறத்தில் 'இங்கே பெயரை எழுதுக' என்று ஒரு வரி தெரியுமே, அதற்கு 'இடம்பிடி' என்று ஒருவர் சொன்னதும், 'பேருந்தில் துண்டு போடுவதுதானே, துண்டுரை என்றே வையுங்கள்' என்று இன்னொருவர் கேலி செய்ததும் படித்துச் சிரித்தேன். கேலி என்றாலும் பொருத்தம் பாருங்கள். உரியவர் வந்ததும் துண்டு எடுபட்டுவிடும். முதல் எழுத்தைத் தட்டியதும் அந்த வரியும் போய்விடும். ஆனாலும் துண்டுரை என்றால் துண்டுதுண்டான உரை என்றே படிப்பார்கள். என் வாக்கு இடம்பிடிக்கு.

வேர்டில் இன்னும் இருக்கும் பழைய வகை நிரப்பிடங்களில் உச்ச நீளம் என்று ஓர் அமைப்பு உண்டு. அதைத் தயவுசெய்து 'எழுத்து எண்ணிக்கை' என்று பெயர்க்காதீர்கள். அது எண்ணுவது நம் எழுத்தை அல்ல, ஒருங்குறிக் (யூனிகோடு) குறிகளை. தமிழ் என்பது நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழ்ச்செல்வி நமக்கு ஏழு, அதற்குப் பதின்மூன்று. ஏழெழுத்துப் பெயருக்குப் பத்து தாராளம் என்று நினைத்து வைத்தால், 'தமிழ்ச்செல' என்ற இடத்தில் கதவு மூடிவிடும்; புள்ளியும் கிடைக்காது, வியும் கிடைக்காது. ஆகவே 'குறி எண்ணிக்கை' என்றே இருக்கட்டும். தமிழில் பெயர் எழுதும் இடத்துக்கு வரம்பு வைக்காமல் இருப்பதே உத்தமம்.

நிரையின் உயரத்துக்கு இருக்கும் இரண்டு தெரிவுகளை 'மாறா உயரம்', 'குறைந்த அளவு உயரம்' என்று பிரித்துச் சொல்லலாம். ஆங்கிலத்துக்கு மாறா உயரம் அழகாக அமையும். தமிழில் நெருக்கி வைத்தால் கூ, மூ எல்லாம் காலறுந்து நிற்கும். நான் குறைந்த அளவு உயரத்தைத்தான் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. குடும்ப விவரம் கேட்கும் அட்டவணையில் பெயர், உறவு, வயது, தொழில் என்று ஒரே ஒரு நிரை வைத்து, வேண்டியவர் ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறியைத் தட்டி இன்னொரு நிரையைச் சேர்த்துக்கொள்ளும் வசதி வேர்ட் 2013இல் வந்தது. இரண்டு பேர் குடும்பத்துக்கும் ஒன்பது பேர் குடும்பத்துக்கும் ஒரே படிவம் போதும். 'மீண்டும் வரும் பகுதி' என்று சொன்னால் அதே விவரம் திரும்ப வருவதுபோல இருக்கிறது. பெருகுநிரை என்று வைத்துப் பார்த்தேன். இதுவும் வினைத்தொகைதான்.

விடுதிப் படிவத்தின் மேல் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'சாம்பல் நிற எழுத்து தெரியும் நிரப்பிடங்களில் மட்டும் எழுதுக. டேப் விசை அடுத்த நிரப்பிடத்துக்குக் கொண்டு செல்லும்.' கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்தேன். நிரப்பிடம் என்றால் என்ன என்று கேட்கவில்லை, நிரப்பிக் கொடுத்தாள். குடும்ப விவரத்தில் மட்டும் நின்று, 'அண்ணா, தங்கச்சியை எங்கே எழுதுறது?' என்றாள். கூட்டல் குறி அவள் கண்ணில் படவே இல்லை. அதன் பக்கத்தில் ஒரு சொல் போட வேண்டும்: 'நிரை சேர்' என்றா, 'இன்னொருவர்' என்றா? வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும். அதற்குள் சொல்லுங்கள்.