கடல் ஏற்கும் வெப்பம் எங்கே தங்குகிறது?

கேள்வி (காசிமேடு): விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் தந்தை, வலையை இழுக்கும்போது கைக்குப் படும் நீர் முன்பைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது என்கிறார். கடல் வாங்கும் வெப்பம் எங்கே போகிறது?

மறுமொழி (திருவொற்றியூர்): புவியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 விழுக்காட்டைக் கடலே ஏற்கிறது. காற்றும் அலையும் மேல்நீரைக் கலக்கி அதைக் கீழே இறக்குகின்றன. வட அட்லாண்டிக்கில் குளிர்ந்து கனத்த உப்புநீர், தான் ஏற்ற கூடுதல் வெப்பத்தோடு ஆழத்தில் மூழ்கி, நூற்றாண்டுகள் கழித்தே மேலே வருகிறது. சூடேறிய நீர் விரிவதால் கடல்மட்டமும் உயர்கிறது.

மறுமொழி (எண்ணூர்): நம் வங்கக்கடலின் தன்மை வேறு, ஐயா. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் போர்வைபோல் பரவி, அடிநீரின் குளிர்ச்சி மேலே கலக்காமல் தடுப்பதால், மேற்பரப்பின் சூடு ஆறாமல் நின்று புயலுக்குத் தீனியாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வாசற்படி மூழ்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

கேட்டவர்: மிக்க நன்றி. இதை இன்றே அப்பாவிடம் சொல்கிறேன்.