நாகராஜாவும் ராகுவும் ஒண்ணா?

தக்கலைக்காரி: மகளுக்கு ராகு திசை தொடங்குது, ராகு கோயிலு இருக்க திருநாகேஸ்வரம் போங்கன்னு ஜோசியரு சொல்லுகாரு, எங்க அம்மையானா நம்ம நாகர்கோவில் நாகராஜா இருக்கப்ப கும்பகோணம் பக்கம் எதுக்கு போணும்னு ஒரே சண்டை. ரெண்டும் ஒண்ணுதானா? நாகராஜா கோயில்ல ஆவணி ஞாயிறு ஏன் விசேஷம், ஞாயிறு சூரியனுக்குள்ளதுல்லா?

வடசேரி அண்ணாச்சி: ஒண்ணு இல்ல மக்கா. ராகு கேது அமிர்தம் குடிச்ச அசுரனுக்க தலையும் உடலும், நாகராஜா நாகங்களுக்கு ராஜா. ராகுவுக்கு பாம்பு உடம்பு, கேதுவுக்கு பாம்புத் தலைன்னு சிலை வடிக்கதால நாகதோஷத்துக்கு இங்க வந்து பால் ஊத்துகாங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு கேளுங்க, ஆயில்யம் நட்சத்திரத்துக்கு தேவதை சர்ப்பம், ஆனா அதுக்க திசைநாதன், அதாவது திசைய ஆளுக கிரகம், ராகு இல்ல, புதனாக்கும்!

கொல்லங்கோடு: ராகு கேதுவுக்கு தனியா கிழமையே கிடையாதே. ஆவணில சூரியன் சொந்த வீடான சிம்மத்துல நிக்கும், அதான் ஞாயிறுக்கு மவுசுன்னு எனக்கு தோணுது. ராகுகாலம் பாக்கணும்னா ஞாயிறு சாயங்காலம் 4.30 முதல் 6.

தக்கலைக்காரி: அப்ப ரெண்டு கோயிலுக்கும் போணுமா?

வடசேரி அண்ணாச்சி: திசை 18 வருஷம்லா, திருநாகேஸ்வரத்துக்கு பைய போலாம். முதல்ல இங்க போயி மண் பிரசாதம் வாங்குங்க, ஆவணி ஞாயிறு மட்டும் வேண்டாம், கூட்டம் நெரியும்.