12 அங்குல அடிமட்டமும் 14 அங்குல ஒஸ்காரும்

பரந்தன் மீனாள்:
நேற்று என்ர ஒஸ்கார் மீன்ர படத்துக்குக் கீழ வட்டக்கச்சி மாமா ஒரு வரி எழுதிப்போட்டுப் போனவர்: "மீன் தொட்டியளவுக்குத்தான் வளரும், பிள்ளை சும்மா பதறாதையும்." இரவு முழுக்க அதுதான் மண்டைக்குள்ள நிண்டது. மாமா, என்ர தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒண்டேகால் அடி உயரம். விளிம்பு முட்ட நிரப்பினாலும் 106 லீற்றர்தான். தீப்பெட்டியளவில வாங்கின மீன் மூண்டு வருசத்தில 14 அங்குலம். அகலமே 12 அங்குலம்! வாலை மடிச்சுத்தான் திரும்புது. மூக்கு நுனி கண்ணாடியில உரஞ்சி வெள்ளையாப் போச்சு. கண்ணுக்கு மேல ஊசியால குத்தின மாதிரி ரெண்டு மூண்டு பள்ளம். வவுனியாவில ஒரு அண்ணையிட்ட 6 அடித் தொட்டி இருக்கு, தாங்கோ எண்டு கேக்கிறார். குடுக்கட்டோ, வச்சிருக்கட்டோ?

வட்டக்கச்சி மாமா:
14 அங்குலமோ? எதால அளந்தனீர்?

பரந்தன் மீனாள்:
மருமகன்ர பள்ளிக்கூட அடிமட்டத்தைக் கண்ணாடியில பிடிச்சு.

வட்டக்கச்சி மாமா:
எல்லாரும் வாசியுங்கோ. பள்ளிக்கூட அடிமட்டம் 12 அங்குலம். மீன் 14 அங்குலம். மிச்ச 2 அங்குலம் ஆர் குடுத்தது? அதோட தண்ணிக்குள்ள கிடக்கிறது எல்லாம் பெருசாத்தான் தெரியும், வாளிக்குள்ள கையை விட்டுப் பாரும். 20 வருசமா மீன் வளக்கிறன். உம்மட மீன் 10, மிஞ்சினா 11. 11 எண்டா 12 அங்குல அகலத்தில தாராளமாத் திரும்பும். முடிஞ்சுது கதை.

பரந்தன் மீனாள்:
12 இல விரலை வச்சுக் குறிச்சுப்போட்டு, அடிமட்டத்தை நகர்த்தி அளந்தனான். எனக்கு எண்ணத் தெரியும். அதோட எனக்கு 34 வயசு, நான் சின்னப் பிள்ளை இல்லை.

ஸ்காபறோ சிவா:
இங்க நாங்கள் ஒஸ்காருக்கு 75 கலனுக்குக் குறைய வைக்கிறேல்லை. லீற்றரில 280 சொச்சம். ஒரடிக்கு மேல வளர்ற மீன், பத்து வருசத்துக்கு மேலயும் இருக்கும். 106 லீற்றர் எண்டால் மீனைச் செருப்புப் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி. அக்கா, யோசிக்காமக் குடுங்கோ.

வட்டக்கச்சி மாமா:
கனடாத் தம்பியும் வந்திட்டார், சந்தோசம். 2022 பங்குனிக் கடைசியில இங்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காத்து மோட்டர் நிண்டு மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கேக்க, விடிய விடியப் பேணியால தண்ணியை அள்ளி உயரத்தில இருந்து ஊத்தினவன் நான். நீங்கள் அப்ப 75 கலனுக்கு முன்னால கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்திருப்பியள். அது கிடக்கட்டும். 12 அங்குல அடிமட்டத்தால 14 அங்குலம் எப்பிடி வந்தது?

நெடுங்கேணி ரூபன்:
அந்தப் பேணித்தண்ணி மீனைத்தானே மாமா சித்திரையில எனக்கு வித்தனீங்கள்? நாலாம் நாள் வயிறு மேல. காசு இன்னும் வரேல்லை.

வட்டக்கச்சி மாமா:
உமக்குத் தண்ணி மாத்தத் தெரியாததுக்கு நான் என்ன செய்ய? கிணத்துத் தண்ணியை அப்பிடியே ஊத்தினீராம். கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைக் கண்டும் புத்தி வரேல்லையோ?

மாங்குளம் மாஸ்டர்:
இடையில வாறதுக்கு மன்னிக்கவும். "தொட்டியளவுக்கு வளரும்" எண்டிறதே பிழை. சின்னத் தொட்டியில மீன்ர கழிவால அமோனியாவும் நைத்திரேற்றும் கெதியாக் கூடும், அதில வளர்ச்சி குன்றும். அதை அளவோட வளருது எண்டு சொல்லேலாது, வருத்தத்தோட வளருது எண்டுதான் சொல்லவேணும். அடுத்தது அடிமட்டக் கதை. ஒளி முறிவால மீன் கிட்டத் தெரியும், உண்மை. ஆனா அப்பவும் அது கண்ணாடிக்குப் பின்னாலதான் தெரியும். முன்னால பிடிச்ச அடிமட்டத்தில, பின்னால நிக்கிற சாமான் குறைச்சுத்தான் காட்டும். 14 எண்டு காட்டினா உண்மையில 14 க்கும் மேல. தங்கச்சி, அளந்தது வாலோடையோ, வால் செட்டையை விட்டோ?

வட்டக்கச்சி மாமா:
மாஸ்டர், பாடம் வகுப்பில எடுங்கோ. வாளிக்குள்ள கையை விட்டா கை பெருசாத் தெரியும். இதுக்குப் பட்டம் தேவையில்லை. மீன் 11.

முறிகண்டியான்:
உந்தக் கரைச்சல் என்னத்துக்கு? இரணைமடுக் குளத்தில கொண்டுபோய் விடுங்கோ, சீவன் நிம்மதியா நீந்தித் திரியட்டும்.

மாங்குளம் மாஸ்டர்:
ஐயோ வேண்டாம். கத்தி மீனும் டாங்க் கிளீனர் மீனும் தொட்டியால வெளிக்கிட்டுத்தான் தென்பக்க ஏரியளில பெருகினது. குளத்து மீன்பிடிக்காரற்ற வயித்தில அடிக்காதேங்கோ. வீட்டுக் குட்டை எண்டாலும் ஆபத்துத்தான். 2018 மார்கழி வெள்ளத்தில குட்டையும் வாய்க்காலும் வயலும் ஒண்டாக் கிடந்ததை மறந்திட்டியளோ?

வட்டக்கச்சி மாமா:
1952 இல திலாப்பியாவையும் வெளியில இருந்துதான் கொண்டுவந்தவை. இப்ப வன்னியில அது இல்லாமக் குளத்து மீன் குழம்பு ஏது? ஒரு ஒஸ்காரால குளம் வத்தாது. நான் விடச் சொல்லேல்லை, கவனிக்கவும். 11 அங்குல மீனை ஏன் விடவேணும் எண்டுதான் கேக்கிறன்.

நெடுங்கேணி ரூபன்:
பொரிச்சுச் சாப்பிட்டா 11 ஓ 14 ஓ எண்டு முள்ளை வச்சு அளக்கலாம்.

பரந்தன் மீனாள்:
ரூபன், பகிடி விடாதேங்கோ. நான் வேலையால வந்து படலை திறக்கிற சத்தத்துக்கே முன்பக்கம் வந்து நிக்கிற மீன். கையில வச்சு இறால் குடுக்கிறனான். போன கிழமை தண்ணி மாத்தினதுக்குக் கோவிச்சுக்கொண்டு ஒரு பக்கமாச் சரிஞ்சு படுத்திட்டுது, செத்துப்போச்சாக்கும் எண்டு அம்மா அழுதிட்டா.

ஸ்காபறோ சிவா:
ஒஸ்கார் கோவிச்சா அப்பிடித்தான் படுக்கும் அக்கா.

வட்டக்கச்சி மாமா:
நல்ல மனிசர் வளக்கிற மீன் கோவிக்காது.

வவுனியா நேசன்:
தங்கச்சி, நான்தான் அந்த 6 அடித் தொட்டிக்காரன். ஞாயிறு வரட்டோ? ரிஜிபோம் பெட்டியும் பெரிய பொலித்தீன் பையும் கொண்டுவாறன், காத்தடிச்சுக் கட்டினா ஏ9 வீதியால ரெண்டு மணித்தியாலப் பயணம் தாங்கும். முதல் நாள் சாப்பாடு போடாதேங்கோ, பைக்குள்ள கழிச்சா தண்ணி கெட்டிடும்.

வட்டக்கச்சி மாமா:
உவருக்கு ஏன் இவ்வளவு அவசரம் எண்டு ஆரும் கேக்கேல்லையோ? 14 அங்குல ஒஸ்கார் கொழும்பில என்ன விலை போகும்?

வவுனியா நேசன்:
11 எண்டுதானே மாமா சொன்னனீங்கள்?

வட்டக்கச்சி மாமா:
விண்ணாணக் கதை வேண்டாம்.

பரந்தன் மீனாள்:
இண்டைக்குத் தண்ணி மாத்தேக்க அம்மான்ர தையல் நாடாவை உள்ளுக்க விட்டு அளந்தன். பதினாலரை. படம் போட்டிருக்கு. நேசன் அண்ணை, சனிக்கிழமை சொல்லுறன்.

வட்டக்கச்சி மாமா:
தையல் நாடா நனைஞ்சா இழுபடும்.

நெடுங்கேணி ரூபன்:
இழுபட்டா மாமா, மீன் குறைச்சுத்தான் காட்டும். என்ர காசு?

வட்டக்கச்சி மாமா:
உமக்கு வித்தது 6 அங்குல மீன். நீர் 8 எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறீர். அதையும் அந்த அடிமட்டத்தாலதான் அளந்தனீரோ?