எஸ்எஸ்யூ கடிகாரம் ஹோல்டோவரிலேயே நிற்கிறது, இரண்டாம் உள்ளீட்டுக்கு மாறவில்லை

கேள்வி:

எங்கள் டிரான்ஸ்மிஷன் அறையின் எஸ்எஸ்யூ கருவிக்கு (மற்ற கருவிகளுக்கு ஒத்திசைவு தரும் கடிகாரம்) ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து முதல் உள்ளீடும், அண்டை நிலையத்திலிருந்து வரும் ஈ1 (2 எம்பிபிஎஸ் டிஜிட்டல் இணைப்பு) வழியாக இரண்டாவதும் தரப்பட்டுள்ளன. ஆன்டெனா கேபிளின் கனெக்டருக்குள் மழைநீர் இறங்கியதால் முதல் உள்ளீடு விட்டுவிட்டு வந்தது. கருவி ஹோல்டோவருக்கு (உள்ளீடு இல்லாமல் தானே ஓடும் நிலை) போவதும் மீண்டும் உள்ளீட்டோடு லாக் ஆவதுமாக இருந்ததே தவிர, ஈ1 உள்ளீட்டில் எந்த அலாரமும் இல்லாதபோதும் அதற்கு மாறவில்லை. இதற்கு என்ன காரணம்? ஹோல்டோவரிலும் ஃப்ரீ ரன்னிலும் உள்ளே இருக்கும் ஆசிலேட்டர்தானே ஓடுகிறது. பிறகு வேறுபாடு எங்கே வருகிறது?

மறுமொழி 1:

ஓடுவது அதே ஆசிலேட்டர்தான். ஃப்ரீ ரன்னில் அது யாருடைய திருத்தமும் இன்றி ஓடுகிறது. ஹோல்டோவரிலோ, லாக் ஆகியிருந்த காலத்தில் கற்றுக்கொண்ட திருத்த மதிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எடுத்துக்காட்டாக, ஐடியு-டி அமைப்பின் ஜி.813 தரத்தில் வரும் டிரான்ஸ்மிஷன் கருவிக் கடிகாரத்துக்கு ஃப்ரீ ரன்னில் 4.6 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4.6 பங்கு) வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. அந்த அளவு விலகினால் 125 மைக்ரோவினாடி கொண்ட ஒரு ஃபிரேம் (தரவுத் தொகுதி) ஏறத்தாழ 27 வினாடிக்கு ஒருமுறை நழுவும், அதாவது தொலையும் அல்லது இருமுறை வரும். ஜி.811 தரத்தில் உள்ள இரு முதன்மைக் கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் விலகினாலும் ஒரு நழுவலுக்கு 72 நாள் ஆகும்.

ஆகவே ஹோல்டோவரின் தரம், அதற்கு முன் கருவி எவ்வளவு நேரம் நிலையாக லாக் ஆகியிருந்தது என்பதைப் பொறுத்தது. உங்கள் உள்ளீடு விட்டுவிட்டு வந்ததால், கருவி வேகமாகப் பிடிக்கும் கட்டத்தைத் தாண்டுவதற்குள் மீண்டும் துண்டிக்கப்பட்டிருக்கும். அப்போது சேமிக்கப்படும் மதிப்பும் அரைகுறையாகவே இருக்கும். திரும்பி வந்த உள்ளீட்டை உடனே ஏற்காமல் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். ஐடியு-டி-யின் ஜி.781 பரிந்துரை அதை 0 முதல் 12 நிமிடம் வரை வைக்கச் சொல்கிறது, இயல்பு மதிப்பு 5 நிமிடம். யாரேனும் அதைப் பூஜ்யமாக்கியிருந்தால் நீங்கள் சொல்லும் ஊசலாட்டம் அப்படியே வரும்.

ஈ1 பற்றி: அதில் வரும் எஸ்எஸ்எம் (கடிகாரத் தரத்தைச் சொல்லும் செய்தி) மதிப்பு என்ன? 0010 என்றால் முதன்மைக் கடிகாரத் தரம், 1111 என்றால் பயன்படுத்தாதே என்று பொருள். ஈ1-இன் பிழைச் சரிபார்ப்பு அமைப்பான சிஆர்சி-4 அணைக்கப்பட்டிருந்தாலோ, இரு முனைகளிலும் அந்தச் செய்தியைச் சுமக்க வெவ்வேறு எஸ்ஏ பிட் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலோ அந்த மதிப்பைச் சரியாகப் படிக்கவே முடியாது.

கேட்டவர்:

பார்த்துவிட்டேன், 1111 வருகிறது. சிஆர்சி-4 இயக்கத்தில்தான் உள்ளது, எஸ்ஏ பிட்டும் இருபுறமும் ஒன்றே. எஸ்எஸ்எம்-ஐப் புறக்கணிக்கும்படி அமைத்து இந்த உள்ளீட்டை எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 2:

தயவுசெய்து வேண்டாம். அண்டை நிலையம் உங்களிடமிருந்தே நேரத்தைப் பெறுகிறது என்பதால்தான் அது 1111 அனுப்புகிறது. அதைக் கட்டாயமாக ஏற்றால் இரு கடிகாரங்களும் ஒன்றையொன்று பின்பற்றிக்கொண்டு, அலாரம் ஏதும் இல்லாமலே சேர்ந்து விலகிப்போகும். உங்களுக்கு உண்மையில் இரண்டாம் உள்ளீடே இல்லை. வேறு முதன்மைக் கடிகாரத்திலிருந்து கிளம்பி வேறு பாதையில் வரும் ஈ1 ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. சிக்னல் இழப்பு, ஏஐஎஸ் (மேல்முனைப் பழுதைத் தெரிவிக்கும் சிக்னல்), ஃபிரேம் இழப்பு ஆகிய அலாரங்கள் சிக்னல் வருகிறதா என்று மட்டுமே சொல்லும். 2016 ஜனவரி 26 அன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சில, யுடிசி (உலகப் பொது நேரம்) திருத்தத்தில் ஏறத்தாழ 13 மைக்ரோவினாடி தவறான தரவை ஒலிபரப்பின; சிக்னல் வலுவாகவே இருந்தது, நேரம் மட்டும் பிழை. ஆகவே உள்ளீடுகளை உள் ஆசிலேட்டரோடு ஒப்பிட்டு அதிர்வெண் விலகலையும் எம்டிஐஇ (குறித்த இடைவெளியில் வரும் அதிகபட்ச நேரப் பிழை) அளவையும் தொடர்ந்து பதியச் செய்து, வரம்பு மீறினால் உள்ளீட்டை நிராகரிக்கும் அமைப்பை இயக்குங்கள். உள்ளீடுகள் இரண்டு மட்டும் இருந்தால் எது தவறு என்று அவற்றை வைத்தே தீர்மானிக்க முடியாது. மூன்றாவது சாட்சியாக ரூபிடியம் ஆசிலேட்டர் இருப்பது அங்கேதான் கைகொடுக்கிறது.

மறுமொழி 3:

டிடிடி வகை (ஒரே அலைவரிசையில் மாறிமாறி அனுப்பிப் பெறும்) மொபைல் நிலையங்களுக்கும் இந்தக் கருவியே நேரம் கொடுக்கிறது என்றால் கணக்கு இன்னும் இறுக்கமானது. அங்கு 1.5 மைக்ரோவினாடிதான் மொத்த வரம்பு. பிழையின்றித் தொடங்கி, அதிர்வெண் நாளொன்றுக்கு 10-இன் அடுக்கு கழித்தல் 10 (ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வீதம் நகரும் ஆசிலேட்டரால், மற்ற பிழைகள் எதுவுமே இல்லாவிட்டாலும் சுமார் 14 மணி நேரம்தான் அந்த வரம்புக்குள் நிற்க முடியும். அதனால் கனெக்டரை மாற்றி, நீர்புகாத டேப் சுற்றும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.