நியூட்ரானின் ஆயுள் 878 நொடியா, 888 நொடியா? ஏன் இரண்டு விடை?

தனித்துகள்:
வணக்கம். அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை இரண்டு விதமாக அளக்கிறார்கள் என்று படித்தேன். ஒன்றில் சராசரி ஆயுள் 878 நொடிக்குப் பக்கத்தில் வருகிறது, இன்னொன்றில் 888-க்குப் பக்கத்தில். பத்து நொடிதானே, பெரிய விஷயமா என்று முதலில் தோன்றியது, ஆனால் பிழை வரம்பைப் பார்த்தால் ஒரு பக்கம் அரை நொடிக்கும் குறைவு, இன்னொரு பக்கம் சுமார் 2 நொடி, அப்படியென்றால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஒரே துகள், ஒரே சிதைவு, எப்படி இரண்டு விடை? கரும்பொருள்தான் (கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள்) காரணம் என்று பல காணொளிகளில் சொல்லிவிடுகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

காந்தக்கிண்ணம்:
நல்ல கேள்வி. இரண்டு முறையும் ஒரே பொருளை எண்ணவில்லை, விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணலாம், அல்லது வாசலில் நின்று எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று எண்ணலாம். வாசல் ஒன்றே ஒன்று என்றால் இரண்டு கணக்கும் பொருந்தும். பொருந்தவில்லை என்றால் யாரோ வேறு வழியாகப் போகிறார்கள், இல்லையென்றால் எண்ணுகிறவர் சிலரைத் தவறவிடுகிறார்.

மிச்சத்தை எண்ணுவது பொறி முறை. இதில் மிகத் துல்லியமானவற்றில் ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 2021-இல் வந்த அளவீடு, 877.75 நொடி. நியூட்ரான்களை உறைந்த டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) வழியாக மிக மெதுவாக்கி, ஆயிரக்கணக்கான நிரந்தரக் காந்தங்கள் பதித்த குளியல்தொட்டி போன்ற கிண்ணத்தில் விடுகிறார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் சின்னக் காந்தத்திருப்புத்திறன் உண்டு, அதனால் சரியான சுழற்சி கொண்டவற்றைச் சுவரில் உள்ள காந்தப்புலம் தொடவிடாமல் திருப்பி அனுப்பிவிடும். மேலே மூடியே கிடையாது! நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடுகிற துகள் அரை மீட்டர் எழும்புவதற்குள் ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுத்துவிடுகிறது. 20 நொடி வைத்திருந்து ஒரு தடவை, 1550 நொடி வைத்திருந்து ஒரு தடவை, பிறகு மேலிருந்து உணரியைக் கிண்ணத்துக்குள் இறக்கி மிச்சத்தை எண்ணுகிறார்கள். உண்மையான மதிப்பைத் தங்களிடமிருந்தே மறைத்து வைத்துக்கொண்டு மூன்று குழுக்கள் தனித்தனியாகப் பகுப்பாய்வு செய்து கடைசியில்தான் திரையை விலக்கினார்கள். நான் இந்த எண்ணை நம்புவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

போனவர்களை எண்ணுவது கற்றை முறை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2013-இல் தந்த மதிப்பு 887.7. நியூட்ரான் கற்றை ஒரு காந்தப் பொறி வழியாகப் பாய்ந்துகொண்டே இருக்கும், வழியில் சிதைகிற நியூட்ரான்கள் விட்டுச்செல்லும் புரோட்டான்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும். சில மில்லிநொடிக்கு ஒரு முறை பொறியைத் திறந்து அவற்றை உணரிக்கு அனுப்பி எண்ணுவார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நூற்றில் ஒரு புரோட்டான் எண்ணிக்கைக்கு வராமல் போனால் போதும், ஆயுள் ஒரு சதவீதம், அதாவது சுமார் 9 நொடி கூடுதலாகத் தெரியும்.

தனித்துகள்:
அந்த ஒரு சதவீதம் இடிக்கிறதே. நியூட்ரான் நூற்றுக்கு ஒரு தடவை புரோட்டானே தராமல் வேறு எதுவாகவோ மாறினாலும் இதே எண்தானே வரும்? கரும்பொருள் கதை இதிலிருந்துதான் வருகிறதா?

பீட்டாவாசகன்:
ஆமாம், அதேதான். 2018-இல் ஃபோர்னால், கிரின்ஸ்டைன் என்ற இரண்டு கோட்பாட்டாளர்கள் முன்வைத்த யோசனை அது. அழகான யோசனை, சோதித்துப் பார்க்கக்கூடிய யோசனையும்கூட. அந்தச் சிதைவில் காமா கதிர் வெளிவரும் என்றால் இந்த ஆற்றல் எல்லைக்குள்தான் வர வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள், லாஸ் அலமோஸில் அதே ஆண்டு தேடினார்கள், வரவில்லை. அப்புறம் நியூட்ரான் விண்மீன்கள், அதாவது பெரும்பாலும் நியூட்ரான்களாலேயே ஆன மிக அடர்ந்த விண்மீன்கள். உள்ளே நியூட்ரான்கள் இப்படிக் கரும்பொருளாக மாறிக்கொண்டிருந்தால் அழுத்தம் குறைந்துவிடும், சூரியனைப் போல இரு மடங்கு நிறையைத் தாங்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட விண்மீன்கள் இருக்கின்றன. கூடுதல் விசை ஒன்றைச் சேர்த்துத் தப்பிக்கலாம்தான், எனக்கு அது ஒட்டுப்போடுவதாகவே படுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதைக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை. ஆயுளை நேரடியாக அளக்காமல், சிதைவில் எலக்ட்ரான் எந்தத் திசையில் அதிகம் பறக்கிறது என்று பார்த்து அதன் மூலம் பீட்டா சிதைவின் (நியூட்ரான் புரோட்டானாக மாறி எலக்ட்ரானை வெளிவிடும் வழக்கமான சிதைவு) வேகத்தைக் கணக்கிடலாம். பிரான்சின் கிரெனோபிளில் பெர்க்கியோ 3 என்ற கருவி செய்த அந்த அளவீடு (2019) 878 பக்கம் நிற்கிறது. பீட்டா சிதைவே முழு ஆயுளையும் விளக்கிவிட்டால் வேறு வழிக்கு இடமே இல்லை. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அதே ஊரில் புரோட்டானின் ஆற்றலை வைத்து அளந்த ஏஸ்பெக்ட் என்ற சோதனை (2020) வேறு மதிப்பைத் தந்தது, அது நீண்ட ஆயுள் பக்கம் சாய்கிறது. அதனால் முடிந்த கதை என்று நான் சொல்ல மாட்டேன்.

தனித்துகள்:
அப்படியானால் கற்றை முறையில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாமா?

காந்தக்கிண்ணம்:
அவசரப்பட வேண்டாம். கற்றைக் குழு சும்மா இருக்கவில்லை. கற்றையில் எத்தனை நியூட்ரான்கள் போகின்றன என்பதை எண்ணும் லித்தியம் படலம்தான் தங்கள் பலவீனம் என்று தெரிந்து, வேறு கருவியால் அதை மறுபடி அளவுதிருத்தம் செய்துதான் 2013-இல் வெளியிட்டார்கள். பிழை சுருங்கியது, வித்தியாசம் சுருங்கவில்லை. இப்போது சிலர் சந்தேகப்படுவது புரோட்டான் பொறியை. உள்ளே மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறு ஒன்று புரோட்டானுக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் அது மின்னூட்டம் இழந்து பொறியிலிருந்து நழுவிவிடும், எண்ணிக்கையில் வராது.

நீலக்கற்றை:
ஜப்பானைச் சேர்க்காமல் விட்டுவிட்டீர்களே. அங்குள்ள ஜே-பார்க் துகள் முடுக்கி ஆய்வகத்தில் கற்றை முறைதான், ஆனால் புரோட்டானை அல்ல, எலக்ட்ரானை எண்ணுகிறார்கள். நியூட்ரான்களைச் சிறு சிறு கொத்துகளாக வாயு நிரப்பிய அறைக்குள் அனுப்புகிறார்கள். அந்த வாயுவில் துளியூண்டு ஹீலியம்-3 கலந்திருக்கும், நியூட்ரான் அதில் மோதினால் வரும் தடத்தை வைத்து எத்தனை நியூட்ரான்கள் வந்தன என்று தெரியும், சிதைந்தால் வரும் எலக்ட்ரானின் தடமும் அதே அறையில் பதிவாகும். வந்தவரையும் போனவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது மாதிரி. 2024 இறுதியில் அவர்கள் வெளியிட்ட மதிப்பு 877.2 நொடி. கற்றை முறையிலேயே பொறியின் விடை!

ஆனால் முறைசார் பிழை (கருவியாலும் அளக்கும் முறையாலும் வரும் பிழை) ஏறக்குறைய 4 நொடி இருக்கிறது. அதனால் 888-ஐ இன்னும் முழுதாக வெளியேற்ற முடியாது. அந்த 4 நொடி 1 நொடிக்கு இறங்கும் வரை காத்திருக்கிறேன்.

பீட்டாவாசகன்:
காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெருவெடிப்புக்குப் பிறகு முதல் சில நிமிடங்களில் எத்தனை நியூட்ரான்கள் சிதையாமல் தப்பித்தன என்பதுதான் பிரபஞ்சத்தில் ஹீலியம் எவ்வளவு உருவானது என்பதைத் தீர்மானித்தது. கால் பங்கு ஹீலியம் என்ற அந்தக் கணக்குக்குள் இதே ஆயுள்தான் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் பத்து நொடிக்கு இவ்வளவு ஆண்டு உழைப்பு.