செங்டுவில் ஹாட்பாட்: காரம் தாங்குமா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவோடு சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலுள்ள செங்டு போகிறேன். மேசையிலேயே கொதிக்கும் சாறில் இறைச்சி, காய்களை வேகவைத்துச் சாப்பிடும் சிச்சுவான் ஹாட்பாட்டை அங்கேயே சாப்பிட ஆசை. காரம் பழக்கம்தான், ஆனால் நாக்கு மரத்துப்போகும் என்கிறார்களே?

பதில்: அது மிளகாய் செய்வதில்லை, சிச்சுவான் மிளகு. எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல். கடித்ததும் உதடு கிர்ரென்று துடிக்கும், அப்புறம் மரத்துவிடும். எனக்கு அதுதான் பிடித்ததே! நடுவில் தடுப்பு வைத்த பாத்திரம் கேளுங்கள்: ஒரு பக்கம் காரமான சிவப்புச் சாறு, மறுபக்கம் காரமில்லாத சாறு. தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டு, உறைப்பு தணியும். மாட்டு இரைப்பைத் துண்டை 15 விநாடியில் எடுத்துவிடுங்கள், விட்டால் ரப்பர்தான்.

கேட்டவர்: சரி, அம்மா சைவமாயிற்றே?

இன்னொருவர்: சிவப்புச் சாறில் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு இருக்கும், அவருக்கு வேண்டாம். வென்ஷு மடாலயத்தில் சைவ உணவகம் உண்டு, அங்கே கூட்டிப்போங்கள்.