கொப்பித் தாளில் கூழ்ப்பெட்டி: பூஞ்சணத்தைத் தவிர்ப்பது எப்படி?

கோண்டாவில் வாசகி எழுதியது:

வணக்கம். பிள்ளைகளின் பழைய கொப்பிகளும் நாளிதழ்களும் திருமண அழைப்பிதழ்களும் எங்கள் வீட்டில் ஓர் அலுமாரி நிறையச் சேர்ந்துவிட்டன. எரிப்பதற்கு மனம் வரவில்லை. அவற்றை ஊறவைத்து அரைத்து, வெங்காயம், உள்ளி, தையற் சாமான்கள் போன்றவற்றை வைப்பதற்கான பெட்டிகளாகச் செய்ய எண்ணியிருக்கிறேன். ஆனால் சின்னம்மா வீட்டில் கோதுமை மாப் பசை கலந்து செய்த பெட்டிகள் கடந்த மாரியில் பூஞ்சணம் பிடித்து, இராமபாணப் பூச்சியும் ஏறி, பயன்படாமற் போயின. கடையில் விற்கும் வெள்ளைப் பசையைச் சேர்த்தால் நிலைக்கும் என்கிறார் ஒருவர். துரிசு கலக்கச் சொல்கிறார் இன்னொருவர். பிள்ளைகளும் கூட இருந்து பிசைவார்கள் என்பதால் தயக்கமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்வீர்களா?

சுளகு எழுதியது:

தங்கைக்கு வணக்கம். துரிசை முதலில் மறந்துவிடுங்கள். அது செப்புச் சல்பேற்று. முந்திரிகை (திராட்சை)க் கொடிகளில் பூஞ்சண நோய் வராமலிருக்கச் சுண்ணாம்புடன் கலந்து தெளிக்கப்படும் நஞ்சு. பிள்ளைகளின் கைபடும் கூழில் அதற்கு இடமில்லை.

கோதுமை மாவில் உள்ள மாப்பொருள்தான் இராமபாணத்துக்கும் கரப்பானுக்கும் விருந்து. எங்கள் வீட்டில் பழைய சுளகும் பெட்டியும் பொத்தல் விழுந்தால், கடதாசியையும் வெந்தயத்தையும் அரைத்து மெழுகித்தான் மேலும் சில காலம் பயன்படுத்துவோம். ஊறிய வெந்தயத்தை அரைக்கும்போது வரும் வழுவழுப்பு நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன் கசப்புக்குப் பூச்சியும் எளிதில் நெருங்காது. ஒரு கிலோ காய்ந்த தாளுக்கு நூறு கிராம் அளவு வெந்தயம் போதுமானது. தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி, விரலால் நசித்தால் கரையும் வரை ஊறவிடுங்கள். பின்னர் பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, வெந்தயத்துடன் சேர்த்து அரையுங்கள். சமையலுக்குப் பயன்படும் கிரைண்டரில் அச்சு மை படிந்த தாளை அரைக்க வேண்டாம். பழைய உரல் இருந்தால் அதுவே சிறந்தது.

நீர்வேலியான் எழுதியது:

சுளகு அக்கா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் எந்தத் தாளை எடுப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். நாளிதழ்த் தாள் விரைவில் ஊறும், ஆயினும் அதன் நார் குட்டையானது என்பதால் பெட்டியின் விளிம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். கொப்பித் தாளின் நார் அதைவிட வலிமையானது. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் நன்றாக இருக்கும். பளபளப்பான சஞ்சிகைத் தாளில் வெண்களியோ சுண்ணப் பொடியோ பூசப்பட்டிருக்கும். அது கூழில் சேறாகத் தங்குமேயன்றிப் பிணைப்புத் தராது. திருமண அழைப்பிதழ்களில் ஒட்டிய பிளாஸ்ரிக் படலத்தை உரிக்க முடியாவிட்டால் அவற்றைக் கூழில் சேர்க்காமல், வெட்டிப் பிள்ளைகளுக்குப் புத்தக அடையாள அட்டைகளாகக் கொடுத்துவிடலாம். எங்கள் ஊரில் வாழைக்குப் பஞ்சமில்லை; காய்ந்த வாழைநாரை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி ஒரு பிடி சேர்த்துப் பாருங்கள், பெட்டி கீழே விழுந்தாலும் விளிம்பு உடையாது.

கவிழ்த்த சட்டியின் மேல் கூழை அப்புவதே பலருடைய வழக்கம். கூழ் காயும்போது சுருங்குவதால், உள்ளே இருக்கும் சட்டி இடங்கொடுக்காமல் வெடிப்பு விழுகிறது. சட்டியின் உட்பக்கத்தில் ஈரத்துணி விரித்துக் கால் அங்குலத் தடிப்பில் அப்பினால், காயக் காயக் கூழ் சுவரை விட்டு விலகித் தானாகவே கழன்று வரும்.

பூஞ்சணத்துக்கு உண்மையான மருந்து காற்றுத்தான். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக இருக்கும் பெட்டியில் பூஞ்சணம் எப்படியும் பிடிக்கும். சோளகக் காற்று வீசும் வைகாசி, ஆனியில் விறாந்தை நிழலில் இரண்டு நாளும் அதன்பின் வெயிலிலும் வைத்தால், மாரி வருவதற்கு முன்னரே பெட்டி நன்றாகக் காய்ந்துவிடும்.

ஜாம் போத்தல் எழுதியது:

வெள்ளைப் பசையைப் பற்றி யாரும் விளக்கவில்லை. அது பொலிவைனைல் அசற்றேற்று எனும் செயற்கைப் பொருள். வெந்தயக் கூழில் செய்த பெட்டி பழுதடைந்தால் வாழையடியில் போட்டுவிடலாம். வெள்ளைப் பசையில் ஊறியதையோ எனாமல் வர்ணம் பூசியதையோ அப்படிப் போட முடியாது. சொப்பின் பைகள் எனும் பிளாஸ்ரிக் பைகளை வெட்டிப் பின்னும் பாய்களைப் பற்றியும் எனக்கு இதே கருத்துத்தான். நம் ஊர் வெயிலில் அவை நொறுங்கித் தூளாகி முற்றத்து மண்ணோடு கலந்துவிடுகின்றன. தொண்ணூறுகளில் போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தோம். அப்போது அதற்குச் சூழல் நேயம் என்று யாரும் பெயரிடவில்லை, தேவை இருந்தது, செய்தோம். பெட்டிக்குத் தேவை இருந்தால் செய்யுங்கள். மினுக்கத் தூள் பூசி அலுமாரியில் அடுக்குவதற்காகச் செய்ய வேண்டாம். நிறம் வேண்டுமென்றால் கோயில் மதிலுக்குப் பூசும் காவியும் சுண்ணாம்பும் இருக்கின்றன.

கோண்டாவில் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வைகாசி வரை தாள்களைச் சேர்த்து வைக்கிறேன். காவியைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசலாமா? இந்தப் பெட்டியில் உழுந்து, பயறு வைக்கலாமா என்று அம்மாவும் கேட்கிறார்.

சுளகு எழுதியது:

புளியங்கொட்டைப் பசையில் தாராளமாகப் பூசலாம். மேற்பரப்பும் வழவழப்பாக வரும். மஞ்சளைக் கலக்காதீர்கள், வெயிலில் வெளிறிவிடும். உழுந்தையும் பயற்றையும் நாளிதழ் மை கலந்த பெட்டியில் வைக்க வேண்டாம். அதற்குப் பனையோலைப் பெட்டி இருக்கிறதே. தோலோடு இருக்கும் வெங்காயம், உள்ளி மட்டும் போதும்.